ஒண்ணும் ஆவலியே

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையில் வரும் வால்வை வைக்கக்கூடாத இடத்தில் வைத்தவன் நான்தான். கதாசிரியன் என்ற முறையில் சொல்லவில்லை. ஸ்பேனரையும் செப்புக் குழாயையும் கையில் வைத்திருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். விருத்தாசலத்திலும் சுற்றுப்பட்டிலும் வீடுகளுக்கும் ஓட்டல்களுக்கும் கேஸ் லைன் இழுப்பது என் பிழைப்பு. பெயர் விருத்தகிரி. எழுதுவதெல்லாம் அதற்கு அப்புறம். இதுவரை ஏழு கதைகள் அச்சில் வந்திருக்கின்றன. ஏழில் ஒன்றிலும் குழாய் கிடையாது. என் வேலையைக் கதைக்கு லாயக்கற்றது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்தக் கதையை எப்படித் தொடங்குவது என்று பல நாள் திண்டாடினேன். முதல் தொடக்கம் இது:

'அந்த வியாழக்கிழமை பகலில், புதிதாகக் கட்டிய அந்தச் சமையலறை வெடித்துச் சிதறியபோது —'

(வெடிக்கவில்லை. ஒரு டம்ளர்கூட உருளவில்லை. கிழித்தேன்.)

'பெண்ணின் மனமும் ஒரு சிலிண்டர்தான். வெளியே அமைதி, உள்ளே —'

(இதை மதிவதனியிடம் படித்துக் காட்டியிருந்தால் நோட்டைப் பிடுங்கிச் சூளையில் போட்டிருப்பாள். கிழித்தேன்.)

'தவறு அடுப்படி டிராயர் செய்த தச்சனுடையது.'

(பொய். இதைக் கிழிக்க மட்டும் இரண்டு நாள் ஆனது.)

2

மதிவதனி செராமிக் தொழிற்பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனியில் சூளைப் பொறுப்பாளர். கப்பு, ஊறுகாய் ஜாடி, கரண்டு கம்பத்துக்குப் போகும் வெள்ளைக் குமிழ் எல்லாம் அங்கே வேகும். பதினாறு வருஷ சர்வீஸ். துளை வழியாகத் தீயின் நிறத்தைப் பார்த்தே எத்தனை டிகிரி என்று சொல்லிவிடுவாள். மீட்டர் அதற்குப் பிறகுதான் ஆமாம் என்று சொல்லும்.

அந்தச் சூளையில் முன்பு கேஸ் வால்வு பர்னருக்கு அந்தப் பக்கம் இருந்தது. ஒருநாள் தீ வெளியே சீறியபோது, பாஞ்சாலை என்ற பெண் தீயைத் தாண்டிக் கையை நீட்டி அதை மூடினாள். மூடிவிட்டாள். ஆனால் முழங்கை வரைக்கும் தோல் போய்விட்டது. மறுநாள் மதிவதனி முதலாளியின் மேஜைக்கு முன்னால் போய் நின்றாள். வால்வை வாசல் பக்கம் மாற்றுகிறவரை சூளையைப் பற்றவைக்க மாட்டேன் என்றாள். மூன்று நாள் சூளை ஆறிக் கிடந்தது. நாலாம் நாள் மாற்றினார்கள். மாற்றப் போனவன் நான். அப்போதிலிருந்து அவளுக்கு நான் அண்ணன்.

அவள் கணவன் சேரன் வேப்பூரில் நெடுஞ்சாலை ஓட்டல் ஒன்றின் மேனேஜர். சென்னை–திருச்சி பஸ்கள் நின்று போகிற பெரிய ஓட்டல். அவனுடைய அம்மா அமிர்தத்துக்கு அறுபத்தெட்டு வயது. இரண்டு முட்டியும் தேய்ந்துபோய், வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறவர். ஜங்ஷனைத் தாண்டிப் புதிதாக வந்த நகரில் வீடு. சேரனுக்கும் மதிவதனிக்கும் சண்முகப்ரியா என்று ஒரு மகள் உண்டு. சென்னையில் ஹாஸ்டலில் இருக்கிறாள். கதைக்குள் வரமாட்டாள். வந்திருந்தால் இது இவ்வளவு நாள் இழுத்திருக்காது.

தை மாதம் அந்த வீட்டு அடுப்படியை இடித்துப் புதுசாக்கினார்கள். சிலிண்டர் இரண்டும் வீட்டுக்குப் பின்னால், இரும்புக் கூண்டுக்குள். அங்கிருந்து செப்புக் குழாய் சுவரைத் துளைத்து உள்ளே வரும். உள்ளே ஒரு வால்வு. மஞ்சள் கைப்பிடி போட்டது. குழாய்க்கு நேராக இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே திருப்பினால் மூடிவிட்டது. அந்த வால்வை எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி. வேறு ஒன்றுமில்லை. இந்தக் கதையே அவ்வளவுதான்.

மதிவதனி அடுப்பு வரப்போகும் இடத்தில் போய் நின்றாள். கண்ணை மூடிக்கொண்டாள். தீ எழும்பினால் எப்படிப் பின்வாங்குவாளோ அப்படி மூன்று எட்டு பின்னால் வந்து கையை நீட்டினாள். கை பட்டது வாசலையொட்டிய சுவரில். கண்ணைத் திறந்து, அந்த இடத்திலிருந்து ஒரு ஜாண் கீழே பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டாள்.

"இங்க வையிங்கண்ணா. அத்த வாக்கரப் புடிச்சிக்கிட்டு நின்னாக்கூட கை எட்டணும். அதுக்குத்தான் ஒரு ஜாண் எறக்கியிருக்கேன்."

பதினாறு வருஷத்தை ஒரு பென்சில் குறியில் வைத்தாள். சாயங்காலம் சேரன் வந்தான்.

"இங்கியா? உள்ள வந்த ஒடனே மஞ்சக் கைப்புடிதான் கண்ணுல அடிக்கும். இது வூடா, கம்பெனியா?" என்றான். "கீழ போவட்டும். எண்ண பாட்டில் டிராயருக்குப் பின்னால."

"டிராயருக்குப் பின்னால போனா அவசரத்துக்கு எப்புடிங்க மூடறது?"

"டிராயர இழுத்துட்டு மூடு."

"எரியறப்பவா?"

"ஏன் எரியப்போவுது? எப்பப் பாரு சூளையிலியே இருக்கற மாதிரி பேசற."

அமிர்தம் வாக்கரில் சாய்ந்தபடி, "அவன் சொல்றாப்லதான் வச்சிடேன் மதி. அடுப்படி முழுக்க குழாவா தெரிஞ்சா நல்லாவா இருக்குது?" என்றார்.

சேரன் என் பக்கம் திரும்பினான். "நீங்க சொல்லுங்க விருத்தகிரி. அங்க வைக்கலாமா, கூடாதா?"

(இந்தக் கதையின் ஒரு படியில் இந்த இடத்தில் நான் ஒரு பக்கம் பேசுகிறேன். ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு, 'வேற ஆளப் பாத்துக்குங்க சார்' என்று படியிறங்குகிறேன். படிக்க நன்றாகத்தான் இருந்தது.)

"வைக்கலாம் சார்" என்றேன்.

மதிவதனி என்னைப் பார்த்தாள். அதை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. சூளைத் துளை வழியாகப் பார்ப்பது போல என்று எழுதி அடித்துவிட்டேன். அவள் பார்த்தாள். நான் குனிந்து குழாயை அளக்கத் தொடங்கினேன்.*

* இந்த அடிக்குறிப்பு சேரனுக்காக. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவனுடைய ஓட்டலுக்கும் லைன் இழுத்தவன் நான்தான். அங்கே வால்வு சமையல்கட்டு வாசலுக்குப் பக்கத்தில், நெஞ்சு உயரத்தில், சிவப்புப் பெயிண்ட் அடித்து இருக்கிறது. அதற்கு முன்னால் ஒரு துடைப்பம்கூடச் சாய்த்து வைக்கக்கூடாது என்று மாஸ்டர்களிடம் கத்தியவன் சேரன். அதிகாரிகள் வந்து பார்ப்பார்கள் இல்லையா. அவனுக்குத் தெரியாது என்று யாரும் பரிந்து பேசிவிடக் கூடாது.

3

சேரனை எழுதுவதில் எனக்குச் சிக்கல் இருக்கிறது. அவனைக் குடிகாரனாக எழுதிப் பார்த்தேன். கை ஓங்குகிறவனாக எழுதிப் பார்த்தேன். பொருந்தவில்லை. அவன் அம்மாவுக்கு மாத்திரை தீர்வதற்கு முன்னால் வாங்கி வைக்கிறவன். மழை நாளில் மதிவதனியைத் தொழிற்பேட்டை வாசலில் வந்து அழைத்துப் போகிறவன். 'தங்கமான புள்ள' என்று அந்தத் தெருவே சொல்லும்.

அதுதான் எனக்கு எரிச்சலாக இருக்கிறது. அவன் கெட்டவனாக இருந்திருந்தால் கோபத்தை அவன் மேல் இறக்கிவிட்டு நிம்மதியாகப் போயிருப்பேன். தங்கமான பிள்ளைதான் அந்த வால்வை டிராயருக்குப் பின்னால் வைக்கச் சொன்னது. தான் ஒருநாளும் நிற்கப்போகாத இடத்தில், தினமும் நிற்கிறவளின் கை எட்டாத தூரத்தில். காரணம், பார்க்க நன்றாக இருக்காது.

இன்னொரு சந்தேகம் உங்களுக்கு வரலாம். மதிவதனி என்ன நினைத்தாள் என்பது இவனுக்கு எப்படித் தெரியும்? அவளே சொன்னாள். இரண்டாம் தடவை வேலைக்குப் போனபோது நான் மேடைக்கு அடியில் படுத்திருந்தேன். என் கால்கள் மட்டும்தான் வெளியே தெரிந்தன. அவள் அந்தக் கால்களிடம் எல்லாவற்றையும் சொன்னாள். முகத்திடம் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

4

வைகாசி. வியாழக்கிழமை. காலை பதினொன்றரை.

சேரன் வேப்பூரில். மதிவதனி சூளையில். வீட்டில் அமிர்தம் மட்டும். மோர் எடுக்க அடுப்படிக்கு வந்தவருக்கு வாடை அடித்தது. அடுப்பு எரியவில்லை. திருகுகள் எல்லாம் மூடித்தான் இருந்தன. ஆனால் வாடை கீழேயிருந்து, டிராயரிலிருந்து வந்தது.

நடந்தது இதுதான். அந்த டிராயரை உள்ளே தள்ளும் ஒவ்வொரு தடவையும் அதன் பின்பலகை, வால்விலிருந்து அடுப்புக்குப் போகும் ரப்பர் குழாயில் இடித்திருக்கிறது. நாலு மாதமாக, ஒரு நாளைக்கு இருபது தடவை. கிளிப் தளர்ந்து குழாய் பாதி கழன்றுவிட்டது. (இடிக்கும் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். இரண்டு விரல் இடைவெளி இருந்தது. போதும் என்று நினைத்தேன். நினைக்கவில்லை, நினைத்ததாக வைத்துக்கொண்டேன்.)

அமிர்தத்துக்கு வால்வு இருக்கும் இடம் தெரியும். டிராயரை இழுத்தார். பாட்டில் கனத்தில் அது பாதிதான் வந்தது. குனிய வேண்டும். முட்டி மடங்காது. வாக்கரை விட்டுவிட்டு மேடையைப் பிடித்துக்கொண்டு இறங்கப் பார்த்தார். இறங்கினால் ஏற முடியாது என்று தெரிந்து நிறுத்தினார். லைட்டையும் ஃபேனையும் தொடவில்லை. ஜன்னலைத் தள்ளினார். பின்கதவைத் திறந்தார். கூண்டுக்குப் போனார். கூண்டில் பூட்டு. சாவி சேரனின் கொத்தில். கம்பிக்கு இடையே மூன்று விரல்தான் போயிற்று. ரெகுலேட்டர் ஒரு முழம் தள்ளி இருந்தது.

செல்போன் அடுப்படி மேடையில் சார்ஜில் இருந்தது. அதற்காக உள்ளே போக அவர் துணியவில்லை. முன்கதவையும் திறந்து வைத்துவிட்டு வாசலுக்கு வந்தார். இரண்டு பக்கமும் காலி மனை. எதிர் வீட்டில் ஆளில்லை. தெருமுனைக் கடை நூறு எட்டுதான். போய்ச் சொல்லியிருக்கலாம்.

போகவில்லை. ஏன் என்று நான் கேட்டேன்.

"நான் அங்க போற நேரத்துல எவனாச்சும் வந்து பெல்ல அமுக்கிட்டா?" என்றார். "கூரியர்காரன் வருவான். தண்ணி கேன் போடறவன் வருவான். சேரனே வந்தாலும் பெல்லத்தான மொத அமுக்குவான்? உள்ள பொறி பறக்கும்ல?"

ஆகவே கேட்டுக்கு உள்ளே, காலிங் பெல்லுக்கு நேர் கீழே, வைகாசி வெயிலில், ஒரு கவிழ்த்த வாளியின் மேல் அமிர்தம் உட்கார்ந்தார். இரண்டு பேர் வந்தார்கள். தண்ணி கேன்காரனை "கிட்ட வராத, போயிடு, யாரையாச்சும் கூட்டியா" என்று கத்தி விரட்டினார். கிழவிக்கு ஏதோ கோபம் என்று அவன் சிரித்துக்கொண்டே போனான். அடுத்து பைக்கில் வந்தவன் விஷயத்தைக் கேட்டு, "கேஸ் ஆபீஸுக்குப் போன் பண்ணுங்கம்மா" என்று சொல்லிவிட்டு வண்டியை நிறுத்தாமலே போனான்.

திறந்த கதவு வழியாக ஃப்ரிட்ஜின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நிற்கும். கொஞ்ச நேரம் கழித்து 'டக்' என்று மறுபடி ஓடும். ஒவ்வொரு 'டக்'குக்கும் அமிர்தம் கண்ணை மூடிக்கொண்டார். எத்தனை தடவை என்று கேட்டேன். எண்ணவில்லை என்றார்.

மூன்று மணி நேரம். சிறுநீர் அவசரமாக வந்தபோதும் அந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. புடவையிலேயே போய்விட்டது. அதை என்னிடம் சொன்னது அவர் இல்லை, மதிவதனி. எழுத வேண்டாம் என்று சொல்லியிருந்தால் எழுதியிருக்க மாட்டேன். "எழுதுங்க. அதத்தான் மொத எழுதணும்" என்றாள்.

5

இரண்டு நாற்பதுக்கு மதிவதனி ஸ்கூட்டியில் வந்தாள்.

"பெல்லத் தொடாத!" என்று அமிர்தம் கத்தினார். குரல் வரவில்லை. கையை மட்டும் ஆட்டினார்.

மாமியாரின் முகத்தையும், வாளியையும், ஈரத்தையும் பார்த்த பிறகுதான் அவளுக்கு வாடை அடித்தது. வண்டியை அங்கேயே அணைத்து, அமிர்தத்தைத் தூக்கித் தெருவுக்குக் கொண்டுபோய் உட்கார வைத்தாள். சேரனுக்குப் போன் செய்தாள்.

"கூண்டு சாவி எங்க?"

"எங்கிட்டதான் இருக்குது. ஏன்?"

சொன்னாள்.

"சரி சரி, பதறாத. நாப்பது நிமிஷத்துல வந்துடறேன். யாரையும் கூப்புடாத, தெருவே கூடிடும்."

தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லியிருக்க வேண்டாமா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். "கேக்கறவங்களுக்கு நேரம் இருக்குதுண்ணா" என்றாள். கூண்டுப் பூட்டை இரும்பால் அடிக்கவும் முடியாது, பொறி வரும். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். கேஸை நிறுத்த வேண்டும்.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். அடுப்படியில் தரையோடு படுத்தாள். பாதியில் சிக்கிய டிராயர் அவளுக்கும் அசையவில்லை. டிராயருக்கும் பலகைக்கும் நடுவில் கையை விட்டாள். முழங்கை வரை போயிற்று. அதற்கு மேல் டிராயர் ஓடுகிற இரும்புத் தண்டவாளம். கையைத் திருப்பித் தள்ளினாள். தண்டவாளத்தின் விளிம்பு சதையைக் கீறிக்கொண்டு போவது தெரிந்தது. மூச்சைப் பிடித்திருந்தாள். விரல் நுனி கைப்பிடியில் பட்டது. பிடிக்க முடியவில்லை, பட்டது மட்டும்தான். நகத்தால் தள்ளினாள். இன்னொரு தடவை. இன்னொரு தடவை. குறுக்கே திரும்பியது.

அந்த மூச்சில் அவளுக்கு பயம் இல்லையாம். "பென்சில்ல போட்ட குறிதாண்ணா கண்ணுல நின்னுச்சு. டைல்ஸுக்கு அடியில அது இன்னமும் இருக்குது, அழியல."

கையில் பிறகு ஒன்பது தையல் போட வேண்டியிருந்தது.

6

சேரன் வந்தான். ஜன்னல்களைப் பார்த்தான். அடுப்படியைப் பார்த்தான். அம்மாவின் தோளைத் தொட்டுப் பார்த்தான். மதிவதனியின் கையில் சுற்றியிருந்த துணியைப் பார்த்தான். பெருமூச்சு விட்டான்.

"நல்லவேள. ஒண்ணும் ஆவலியே."

கதையில் யாரும் கத்தவில்லை. மதிவதனி கத்தியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றி, அவளுக்காக இரண்டு பக்க வசனம் எழுதினேன். ஓட்டலில் உள்ள சிவப்பு வால்வைப் பற்றி, பதினாறு வருஷ சர்வீஸைப் பற்றி எல்லாம். அவள் உண்மையில் கேட்டது இவ்வளவுதான்:

"இன்னா ஆவணும்ங்க?"

"இல்ல, நான் இன்னா சொல்றேன்னா —"

"சொல்லுங்க. இன்னா ஆயிருந்தா ஆச்சுன்னு ஒத்துக்குவீங்க?"

அவன் செல்போனை எடுத்தான். கிளிப்பை இறுக்கிவிட்டால் போதும் என்று எனக்குப் போன் செய்தான்.

7

இங்கேதான் என் பங்கு வருகிறது. வால்வைப் பற்றிச் சொல்லவில்லை, எழுத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

நான் எழுதிய முதல் முழுப் படியில் அமிர்தம் செத்துப்போகிறார். மூன்றாவது மணி நேரத்தில் ஃப்ரிட்ஜ் 'டக்' என்கிறது, வீடு போகிறது. சேரன் சாம்பலில் மண்டியிட்டு அழுகிறான். எனக்கே கண் கலங்கியது. அந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு மதிவதனியிடம் காட்டப் போனேன். தொழிற்பேட்டை டீக்கடையில் நின்றபடியே படித்தாள். கட்டுப் போட்ட கையால் தாளைத் திருப்ப முடியாமல் இடது கையால் திருப்பினாள்.

"அத்தையக் கொன்னுட்டீங்க."

"கதைக்காகம்மா. படிக்கறவங்களுக்கு உறைக்கணும்ல?"

"எங்க அத்த மூணு மணி நேரம் வெயில்ல குந்திக்கிட்டு ஒரு தெருவையே காப்பாத்துனாங்க. புடவையோட மூத்திரம் போயும் எழுந்திரிக்காம குந்தியிருந்தாங்க. அது உறைக்காதா?" தாளை மடித்து என் சட்டைப் பையில் வைத்தாள். "செத்தாதான் உங்களுக்குக் கத. செத்தாதான் அவுருக்குத் தப்பு. ரெண்டு பேருக்கும் இன்னா வித்தியாசம்?"

டீ ஆறிப்போனது. நான் குடிக்கவில்லை.

இப்போது நீங்கள் படித்துக்கொண்டிருப்பது அதற்குப் பிறகு எழுதியது. இதிலும் வெடிக்கவில்லையே, அப்புறம் என்ன கதை என்று ஒரு கணம் உங்களுக்குத் தோன்றியிருந்தால், அந்தத் தோன்றலை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் அது ஏற்கெனவே இருக்கிறது.

8

அந்த வியாழனுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வரச் சொன்னவள் மதிவதனி, சேரன் இல்லை.

நான் போனபோது எண்ணெய் பாட்டில் டிராயர் பின்வாசலில் மூன்று துண்டாகக் கிடந்தது. ரம்பத்தை அவளே பிடித்திருக்கிறாள், தையல் பிரிக்காத கையோடு. கூண்டில் பூட்டு இல்லை, ஒரு கொண்டி மட்டும் இருந்தது. அடுப்படியில் வாசலையொட்டிய பளபள டைல்ஸில், சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி. பழைய பென்சில் குறி இருந்த அதே இடத்தில்.

சேரன் காபி டம்ளரோடு நின்றான். "டைல்ஸு விரிசல் வுட்டுடும் விருத்தகிரி. இந்த டிசைன் இப்ப வர்றதில்ல."

அவன் என்னைத்தான் பார்த்தான். மதிவதனி என்னைப் பார்க்கவே இல்லை. நான் டிரில்லை எடுத்தேன்.

"வுடட்டும் சார்" என்றேன். நாலு மாதம் பிந்திய இரண்டு வார்த்தை.

டைல்ஸ் விட்டது. துளையிலிருந்து மேல்மூலை வரைக்கும் ஒரு கீறல் ஓடியது. மாற்றித் தருகிறேன் என்றேன். "இருக்கட்டும்ணா. தெரியட்டும்" என்றாள்.

மத்தியானத்துக்குள் குழாயைத் திருப்பி, வால்வைப் பொருத்தி, சோப்புத் தண்ணீர் வைத்துக் கசிவு பார்த்து முடித்தேன். அப்போதுதான் மேடைக்கு அடியிலிருந்த என் கால்களிடம் அவள் பேசியது. எழுந்து கையைத் துடைத்துக்கொண்டபோது, இந்தக் கதைக்கு மூன்று முடிவுகள் என் தலையில் இருந்தன. ஒன்றில் சேரன் மன்னிப்புக் கேட்கிறான். ஒன்றில் மதிவதனி பையை எடுத்துக்கொண்டு ஸ்ரீமுஷ்ணத்தில் உள்ள அம்மா வீட்டுக்கு பஸ் ஏறுகிறாள். இன்னொன்றில் எல்லாரும் —

(மூன்றாவதை எழுதக்கூட வெட்கமாக இருக்கிறது.)

நடந்தது வேறு. மதிவதனி அடுப்பைப் பற்றவைத்து சேரனுக்குத் தோசை ஊற்றினாள். காலையிலிருந்து அவன் சாப்பிட்டிருக்கவில்லை. அமிர்தம் வாக்கரோடு வாசல் பக்கம் வந்து நின்றார். அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு அவர் அடுப்படிக்குள் வந்தது அன்றுதானாம்.

"அத்த, மூடிப் பாருங்க" என்றாள் மதிவதனி.

அமிர்தம் கையை நீட்டினார். எட்டியது. திருப்பினார். தோசைக்கல்லுக்கு அடியில் தீ சுருங்கி, நீலமாகி, போயிற்று.

"வேல செய்யுதும்மா" என்றேன்.

திறந்தார். மதிவதனி பற்றவைத்தாள். மறுபடி மூடினார். தீ போயிற்று. திறந்தார். மூடினார்.

"அம்மா, போதும். தோச பாதியில நிக்குது" என்றான் சேரன்.

திறந்தார். மதிவதனி லைட்டரைத் தட்டினாள். தீ வந்தது. தோசையின் ஓரம் லேசாகச் சிவக்கத் தொடங்கியது. அமிர்தம் மகனை நேராகப் பார்த்தபடி மூடினார். இந்தத் தடவை கையை எடுக்கவில்லை.

"அம்மா!"

"இன்னா?"

"பசிக்குதும்மா."

"ஒண்ணும் ஆவலியே" என்றார் அமிர்தம்.

சேரன் தட்டோடு நின்றான். மதிவதனி லைட்டரை மேடை மேல் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள். நான் சாமான்களைப் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு, போயிட்டு வரேன் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். நான் கிளம்பும்போதும் அந்தக் கை அங்கேயேதான் இருந்தது.

எப்போது திறந்தார், சேரன் என்ன சொன்ன பிறகு திறந்தார், சொன்னானா என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. கேட்டால் மதிவதனி சொல்லுவாள். கேட்கப்போவதில்லை. இந்த வீட்டில் என்ன எங்கே இருக்க வேண்டும் என்று ஒரு தடவை நான் சொன்னது போதும். சேரன் என்ன சொல்ல வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். உங்கள் வீட்டில் அதைச் சொல்ல வேண்டியவர் யார் என்பதும்.